ஒரு தடவைக்கு ஒண்ணுதான்

என் வீட்டு மாடி அறையில் ஐந்து மாதம் குடியிருந்த ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிட்டேன். அதுவே இங்கேயும் இருக்கட்டும். அப்போது அவளுக்கு நாற்பது வயதிருக்கும். எனக்கு ஐம்பத்தெட்டு.

வந்த ஒரு வாரத்தில் என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள்.

"இப்பப் பரவால்ல அம்மிணி" என்றேன். "டாக்டர் மாத்திரை குடுத்தாரு. பக்கத்து ஊட்டுல ஒரு தைலம் சொன்னாங்க. அப்பறம் கோயில்ல தெனமும் பதினோரு சுத்து வாரேன்."

"மூணுல எதுனாலக்கா சரியாச்சு?"

"எல்லாத்துனாலயுந்தான்."

"அப்ப அடுத்த தடவை வலிச்சா மூணையும் செய்யணுமா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "ஒரு தடவைக்கு ஒண்ணுதான்க்கா மாத்தணும். ஒண்ண மாத்திட்டு நாலு நாள் பாக்கணும். சரியாகலையா, அதப் பழையபடி வெச்சுட்டு அடுத்தத மாத்தணும். மொத்தமா மாத்துனா, சரியானாலும் ஏன்னு தெரியாது, கெட்டாலும் ஏன்னு தெரியாது."

அவளுடைய குணம் முழுவதும் இந்தப் பேச்சுக்குள் அடங்கிவிடும். குழாய் ஒழுகினாலும் இப்படித்தான், இட்லி கல்லாகப் போனாலும் இப்படித்தான். என் இட்லிக்காக நான்கு வாரம் பாடுபட்டாள். ஒரு வாரம் உளுந்தை மட்டும் கூட்டச் சொன்னாள். அடுத்த வாரம் உளுந்து பழைய அளவுக்கு வந்தது, ஊறும் நேரம் மட்டும் மாறியது. கடைசியில் கிணற்று உப்புத் தண்ணீரில் அரைத்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! இத்தனைக்கும் அவள் இட்லி இரண்டுக்கு மேல் சாப்பிட மாட்டாள்.

அவள் ஆத்தூர்ப் பக்கம். தாய் தகப்பன் இல்லை. கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் மிஷின்களைக் கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலையில் இருந்தாள். அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். ஈரோட்டில் தறிச் சாமான் செய்கிற பட்டறை ஒன்றில் பகலில் படம் போட்டுக் கொடுக்க வந்தவள், ஆற்றுக்கு இந்தப் பக்கம் வாடகை குறைச்சல் என்று பள்ளிபாளையத்துக்கு வந்தாள். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு பாய், இரண்டு பை துணி. "உனக்குன்னு யாரும் இல்லையா சாமி?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "இருந்தாங்கக்கா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவள் கொண்டுவந்த இன்னொரு சாமான் அந்த லேப்டாப்.

லேப்டாப் என்றால் என் மகள் வைத்திருப்பது போலத் தட்டையாக, நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும் என்றுதான் எனக்கு எண்ணம். இது கன்னங்கரேலென்று, இரண்டு அங்குலத் தடிமன். தூக்கிப் பார்த்தேன், நாலு கிலோ அரிசிப் பையைத் தூக்கிய மாதிரி இருந்தது. சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல். மூடின கம்பெனியில் கழித்துக் கட்டியதை இவள் கேட்டு வாங்கியிருக்கிறாள். பெரிய படங்களைப் போட, அவை அசைகிறபடி காட்ட, இந்த மாதிரி கனமான மிஷின்தான் வேண்டுமாம். முழு வேகத்தில் ஓடும்போது உள்ளே இரண்டு ஃபேன் சுற்றும். அந்த இரைச்சல் தளத்தைத் தாண்டிக் கீழே என் சமையல் அறைக்குக் கேட்கும்.

எங்கள் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. ராப்பகலாகப் பன்னிரண்டு தறி ஓடும். அந்தத் தறிக்காரரே ஒரு நாள் மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, மேல மாவு மில்லு ஏதாச்சும் ஓட்டறீங்களா? எந்தறிச் சத்தத்தையும் மீறிக் கேக்குது."

"உங்க தறிய ஒரு மணி நேரம் நிறுத்துங்கண்ணா, எதோட சத்தம்னு பாத்துடலாம்."

"நல்லாச் சொன்னீங்க போங்க. தறிய நான் நிறுத்துனா, என்ற ஊட்டுக்காரி என்னய நிறுத்திப்போடுவா!"

எனக்கு அந்த இரைச்சல் தொந்தரவாக இருந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். மகள் கரூரில். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள், பேரப்பிள்ளை திரையில் கை ஆட்டுவான், வைத்துவிடுவார்கள். தறிச் சத்தம் ஊர்ச் சத்தம், அதைக் காது கணக்கில் எடுத்துக்கொள்ளாது. மாடியில் ஃபேன் இரைய ஆரம்பித்தால் மட்டும், வீட்டுக்குள் ஓர் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். ரசத்தைக் கொஞ்சம் கூட வைப்பேன்.

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அவளுக்கு வாசனை தெரியாது.

குடிவந்த அன்று பால் காய்ச்சினோம். ஆடி மாதம் போய் ஆவணி பிறக்கட்டும் என்று நான் சொன்னதற்குக் கட்டுப்பட்டு, ஆவணி முதல் வெள்ளியன்றுதான் வந்தாள். நான் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பால் அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். அவள் அடுப்புக்கு நேராக நின்றுகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி! பால் தீயுது, மூக்குக்குத் தெரியலையா?"

"தெரியலக்கா" என்றாள் சாதாரணமாக. "கொரோனா வந்தப்ப போனது. திரும்பி வரல."

அன்றிலிருந்து நான் அவளுக்கு மூக்கு. பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வருவாள். "அக்கா, இத மோந்து பாருங்க." தயிர் புளித்துவிட்டதா, துணியில் ஈரவாடை இருக்கிறதா, கேஸ் கசிகிறதா, எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்வாள். எதையும் நாலு தடவை சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள், என் மூக்கை மட்டும் ஒரே தடவையில் நம்பினாள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. எட்டாவதோடு நின்ற என்னிடம் அதுவரை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை.

புரட்டாசியில் அவளுக்குச் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கம்ப்யூட்டரில்தான் வந்தது, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு பெரிய கம்பெனி. தண்ணீருக்குப் போர் போடுகிற ரிக் வண்டியின் துளைக்கம்பி பூமிக்குள் இறங்குவதை, பாறை உடைவதை, மண்ணும் தண்ணீரும் பீறிட்டு வருவதை அசைகிற படமாகச் செய்து அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் நிரந்தர வேலை. மார்கழி முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும்.

"ரிக் வண்டிதானே, நம்ம திருச்செங்கோட்டுல தடுக்கி உழுந்தா ரிக் வண்டிதான்" என்றேன்.

"வண்டி ஒண்ணுமில்லக்கா. அந்தத் தண்ணிதான் கஷ்டம். ஒவ்வொரு துளியும் எங்க போய் விழும்னு மிஷின் கணக்குப் போடணும். நாப்பது மணி நேரம் நிக்காம ஓடணும். நடுவுல நின்னா மறுபடியும் முதல்லேர்ந்து."

கரண்டு போனால் தாங்க வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் மிஷின் தானாகவே நின்றது. மூன்று மணி நேரம் ஓடும், பட்டென்று அணைந்துவிடும். திரையில் ஓர் எண் ஏறிக்கொண்டே போவதைக் காட்டினாள். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. அதுதான் உள்ளே இருக்கிற சூடு. இன்னும் ஏறினால் வெந்துவிடும் என்று அதுவே உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுமாம்.

அவளுக்குப் பிடித்த வேலை ஆரம்பித்தது. ஒரு நோட்டுப் போட்டாள். முதல் வாரம் சார்ஜரை மட்டும் மாற்றிப் பார்த்தாள். அடுத்து பிளக் இருக்கிற இடத்தை. தறிப்பட்டறை விடுமுறையன்று, தறிகள் நின்றிருக்கும்போது, கரண்டு ஏற்ற இறக்கம் காரணமா என்று பார்த்தாள். அன்றும் நின்றது. நோட்டில் ஒரு கோடு. பிறகு மிஷினைத் திருப்பிப் போட்டுத் திறந்தாள். பதினோரு திருகாணி. ஒரு வெள்ளைத் தாளில் மிஷின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகாணி எந்த ஓட்டையோ அந்த இடத்திலேயே வைப்பாள். அதில் ஒன்று ஒரு நாள் காணாமல் போனது. இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். பத்துத்தானே இருக்கிறது, மூடிவிடலாமே என்றேன். என்னை அவள் பார்த்த பார்வை! கடைசியில் அது என் சேலைக் கொசுவத்திலிருந்து விழுந்தது.

உள்ளே செம்பில் தகடு தகடாக ஓர் அடுக்கு இருந்தது. "லாரிக்கு ரேடியேட்டர் மாதிரிக்கா. சூட்ட இதுதான் வெளிய தள்ளுது." அந்தத் தகடுகளின் நடுவே பஞ்சு அடைத்திருந்தது. தறிப் பஞ்சு எங்கள் தெருவில் காற்றோடு காற்றாக மிதப்பதுதான். சுரண்டி எடுத்தாள். சூட்டைக் கடத்துகிற பசையைப் புதிதாகத் தடவி மூடினாள். ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் மறுபடியும் பட்டென்று நின்றது. திறந்தால் மறுபடியும் அடைப்பு.

"இவ்ளோ சீக்கிரம் அடையாதே" என்றாள். ஜன்னலைச் சாத்தி வைத்துப் பார்த்தாள். இன்னும் சீக்கிரம் அடைத்தது. அது அவளுக்கு விளங்கவே இல்லை. நோட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் பட்டறைக்குப் போகும்போது மாடிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். "சாயங்காலம் ஒரு தடவை போய் மோந்து பாருங்கக்கா. தீயற வாசனை வந்தா சுவிட்ச அமத்திடுங்க."

நான் போவேன். செவ்வாய், வெள்ளி போகும்போது கையில் தூபக்கால் இருக்கும். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து விட்டதில்லை. தேங்காய்த் தொட்டிக் கங்கில் சாம்பிராணி போட்டு, பூஜை அறையில் ஆரம்பித்து எல்லா அறைக்கும் காட்டி முடிப்பேன். இப்போது மாடிக்கும் சேர்த்து. அவளுக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும், மிஷின் நிற்காமல் ஓட வேண்டும் என்று செங்கோட்டு மலை அம்மையப்பனை நினைத்துக்கொண்டு, அந்த மிஷினுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்க் காட்டுவேன். அது காற்றை உறிஞ்சுகிற பக்கம் வைத்தால், புகை நூல் மாதிரி நேராகி உள்ளே போகும். ஒரு துளிகூட வீணாகாது. சாமி ஏற்றுக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. கண்ணில் நீர் வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போடுவேன்.

அவள் ஏழு மணிக்கு வருவதற்குள் புகை அடங்கியிருக்கும். வாசனை இருந்தாலும் அவளுக்குத் தெரியாது. வீட்டில் இப்போது ஏதாவது புதிதாகச் செய்கிறீர்களா என்று அவள் என்னைக் கேட்டபோது, கிரைண்டர், மோட்டார், தறி எல்லாம் யோசித்து, இல்லை என்றேன். சாமி காரியத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாமி விஷயத்தில் ஏற்கெனவே எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்திருந்தது. மகளுக்குக் குழந்தை வேண்டி மூன்று கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் சொன்னேன். உடனே கேட்டாள், "மூணுல யார் குடுத்ததுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. மூணு பேருக்கும் செஞ்சேன்."

"அப்ப ரெண்டு பேருக்குச் சும்மா செஞ்சீங்க."

"சாமிக்குச் சும்மா செஞ்சா என்ன கொறஞ்சு போச்சு? நீ ஒண்ணொண்ணா சோதிச்சுக்கிட்டு இருந்தா, என்ற புள்ளைக்கு அம்பது வயசாயிருக்கும்!"

அன்றைக்கு அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

கார்த்திகைக் கடைசியில் மறுபடியும் மிஷினைத் திறந்தாள். இந்த முறை பஞ்சு அடை மாதிரி ஒரே துண்டாக வந்தது. பழுப்பு நிறம். விரலில் ஒட்டியது. கீழே என்னிடம் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, வெறும் பஞ்சுன்னா உதறினா உதிரணும். இது பிசின் மாதிரி ஒட்டுது. எதோ சேந்து போயிருக்கு. மோந்து பாருங்க, என்ன வாசனை?"

மூக்கருகே கொண்டுபோகும் முன்பே தெரிந்துவிட்டது. என் பூஜை அறை வாசனை.

அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. ஜன்னலைச் சாத்தியபோது ஏன் அதிகமாக அடைத்தது என்பதும் விளங்கியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு வாசந்தான் அம்மிணி" என்றேன். "வேற ஒண்ணும் தெரியல."

"சரிக்கா" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நோட்டில் எழுதியிருப்பாள்.

வெட்கம் ஒரு காரணம். வேண்டுதல் என்று நினைத்துச் செய்தது கேடாகப் போய்விட்டதே என்கிற வெட்கம். ஆனால் அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். மிஷின் சரியானால் நாற்பது மணி நேரம் ஓடும். ஓடினால் அவள் படத்தை அனுப்புவாள். அனுப்பினால் சென்னைக்குப் போய்விடுவாள். இந்த யோசனை எனக்கு அப்போதே, அந்தப் பஞ்சைக் கையில் வைத்திருக்கும்போதே வந்தது.

மாடிக்குச் சாம்பிராணி கொண்டுபோவதை அன்றோடு நிறுத்தினேன். அது போதும், மிஷின் தானாகச் சரியாகிவிடும், அவள் போவதானால் போகட்டும், நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மிஷின் ஓடத்தான் செய்தது. ஒரு வாரம், பத்து நாள், நிற்கவே இல்லை. சூடு எழுபதைத் தாண்டவில்லை. ஆனால் அவள் அந்த நாற்பது மணி நேர வேலையை ஆரம்பிக்கவில்லை.

"நல்லாத்தானே ஓடுது அம்மிணி. ஆரம்பிச்சுட வேண்டியதுதானே?"

"ஏன் நல்லாச்சுன்னு தெரியலையேக்கா. நான் ஒண்ணும் மாத்தல. காரணம் தெரியாம சரியானது, காரணம் தெரியாம நிக்கும். முப்பத்தஞ்சாவது மணி நேரத்துல நின்னா, அப்பறம் எனக்கு நாள் இல்ல."

கோளாறு எது என்று தெரிய, அதை மறுபடி வரவழைக்கப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். மூடி வைத்தாள். பழைய சார்ஜரைப் போட்டாள். மேசையைத் தறிப்பக்கச் சுவருக்கே நகர்த்தினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒன்றரை நாள். மார்கழி பிறந்து ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையிலிருந்து வந்ததும் நேராக நோட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். கீழே சாப்பிட வருவது நின்றுபோனது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். மார்கழி தானாக முடிந்துவிடும். அவள் இங்கேயே இருப்பாள்.

மார்கழி பூஜைக்குத் தினமும் விடியலில் கோயிலுக்குப் போவேன். ஒரு நாள் தீபாராதனை நேரம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குக் கை எழவில்லை. என்ன வேண்டுவது? அவளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று வாய் சொல்கிறது. அவள் போகாமல் இருக்கட்டும் என்று மனசு சொல்கிறது. சாமி முன்னால் நின்றுகொண்டு இப்படி இரண்டு பேச்சுப் பேச எனக்குப் பயமாக இருந்தது. பொங்கல் பிரசாதம்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்து, நேராக மாடி ஏறினேன்.

மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்கக்கா."

"செவ்வா வெள்ளி சாம்பிராணி போடறேனல்லோ. இங்க மேலயும் போட்டேன். உன்ற மிஷினுக்குத் தனியாக் காட்டுனேன்."

திருப்புளியைக் கீழே வைத்தாள். "எவ்ளோ கிட்டக்க?"

கையை விரித்து ஒரு சாண் காட்டினேன்.

"எந்தப் பக்கம்?"

"காத்த உறிஞ்சற பக்கம். பொகை உள்ள போறதப் பாத்துச் சந்தோசப்பட்டேன் சாமி. சத்தியமா, உனக்காவத்தான்."

"எப்பக்கா நிறுத்துனீங்க?"

"நீ மோந்து பாக்கச் சொன்ன அன்னைக்கு."

நோட்டைப் புரட்டினாள். தேதியைப் பார்த்தாள். அவள் முகம் முதலில் தெளிந்தது. அந்த இட்லித் தெளிவு. பிறகு மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கே உங்களுக்கு வாசனை தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

மழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். "சரியாயிருச்சுன்னா நீ போயிருவயே."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினாள். "வேற எதாவது மாத்துனீங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி" என்று சொல்லி, பதினோரு திருகாணியையும் ஒவ்வொன்றாகப் போட்டு மூடினாள். அப்போதே அந்த வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கீழேகூடத் தூபக்காலை எடுக்கவில்லை. இந்த வீட்டில் சாம்பிராணி இல்லாத முதல் வெள்ளி. விளக்கை மட்டும் ஏற்றி, மன்னிச்சுக்கோ தாயே என்று சொல்லிவிட்டு, மாடியில் ஃபேன் இரைவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை. நாற்பது மணி நேரமும் ஓடியது. படத்தை எனக்கும் காட்டினாள். பாறைக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டு வந்து வெயிலில் சிதறியது. அசல் தண்ணீர் மாதிரியே இருந்தது.

வேலை கிடைத்தது.

என்னோடு பேசாமல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், ரசம் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். ஆனால் எதையும் மோந்து பார்க்கச் சொல்லி எடுத்துக்கொண்டு வரவில்லை. ஒரு நாள் காலையில் பின்கட்டுச் சாக்கடை ஓரம் ஒரு பாத்திரம் பாலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் நின்றிருந்தேன். காற்று என் பக்கம் அடித்தது. நல்ல பால். அவளுக்குச் சந்தேகம், கொட்டிவிட்டாள். சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

தை பிறந்து நாலாம் நாள் கிளம்பினாள். அறையைக் கூட்டித் துடைத்து, சாவியைக் கையில் கொடுத்து, "வர்றேன்க்கா" என்றாள். தறிக்காரர் பையைத் தூக்க வந்தார். மிஷின் பையை மட்டும் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பிறகு ஒன்றும் தெரியாது. போன் நம்பர் இருந்தது. எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். எதைச் சொல்லி ஆரம்பிப்பது?

ஆடி மாதம் ஒரு மத்தியானம் போன் அடித்தது. அவள்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். மிஷின் இங்கயும் ரெண்டு நாளா நிக்குது. தொறந்து பாத்தா உள்ள ஒரு எடத்துல பச்சையாக் களிம்பு ஏறியிருக்கு. ஈரம் பட்ட மாதிரி. அங்க இருக்கும்போது தீர்த்தம், எண்ணெய், சந்தனம், எதாவது மேல பட்டுதா? கோச்சுக்க மாட்டேன்க்கா. ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

உடனே இல்லை என்று சொல்லிவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். ஒவ்வொரு செவ்வாயும், ஒவ்வொரு வெள்ளியும், படி ஏறினது, கதவைத் திறந்தது, எந்தக் கையில் என்ன வைத்திருந்தேன் என்பதெல்லாம். அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"இல்ல சாமி" என்றேன். "பொகை மட்டுந்தான். தண்ணி, எண்ணெய் எதுவும் அதும்பக்கத்துல கொண்டுபோகல."

அந்தப் பக்கம் பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சரிக்கா. அப்ப அத அடிச்சுடறேன். வேற எடத்துல பாக்கறேன்."

நிஜமாகவா என்று கேட்கவில்லை. இன்னொரு தடவை யோசித்துச் சொல்லுங்கள் என்றும் கேட்கவில்லை. நான் சொன்னதை வைத்து அவள் நோட்டில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

சாப்ட்டயா சாமி என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டாள்.